மிதந்த முட்டையும் மூழ்கிய நானும்

இனிமேல் என் வீட்டில் செல்போனைப் பார்த்து யாரும் சமைக்கக் கூடாது. அந்தப் புதன்கிழமை காலையில் இப்படி ஓர் உத்தரவு போட்டேன். உரக்கத்தான் போட்டேன். வீட்டில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

என் மனைவி ரம்லத் பால் வாங்கிக்கொண்டு திரும்பியதும் அதையே கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னேன். அதற்குள் அவள் பூண்டுப் பற்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் குலுக்க ஆரம்பித்துவிட்டாள். குலுக்கினால் தோல் தானாகக் கழன்றுவிடுமாம். அந்தச் சத்தத்தில் என் உத்தரவு அமுங்கிப் போயிற்று. இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதாவது நேரம் இல்லை. கடை திறக்க வேண்டும்.

என் பெயர் நைனா முகம்மது. மட்டாஞ்சேரியில் முட்டை வியாபாரம். நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் முட்டையை அட்டை அட்டையாக இறக்கி, சாயாக்கடைக்கும் பேக்கரிக்கும் வீடுகளுக்கும் விற்கிறேன். எங்கள் தெருவில் மிளகுக் கிடங்குக்கு ஒரு வாசனை, சுக்குக் கிடங்குக்கு ஒரு வாசனை. என் கடைக்கு மட்டும் வாசனை கிடையாது. வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியதும் முட்டைதான். நாலாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள். படித்ததெல்லாம் மறந்துவிட்டது. பட்டது ஒன்றும் மறக்கவில்லை. எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் யூசுப், பாலக்காட்டுத் தமிழ்க்காரன், என் மகள் நௌரின் கல்யாணத்தில் பிரியாணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, "முட்டைக்காரர் வீட்டுக் கல்யாணம், ஆளுக்கு அரை முட்டை" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். இப்போது நௌரினின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். நான் இன்னும் யூசுப் கடையில் சாயா குடிப்பதில்லை. அவனும் என்னிடம் முட்டை வாங்குவதில்லை. காயலைத் தாண்டி அக்கரையில் இருக்கும் பிராட்வே சந்தையிலிருந்து வரவழைக்கிறான். அக்கரை முட்டைக்கு மஞ்சள் கூடுதல் போலிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முட்டைக்கடைக்காரன் வீட்டில் முழு முட்டை புழங்கக் கூடாது. லோடு இறக்கும்போது கீறல் விழுந்தது, விற்காமல் மூலையில் கிடந்தது, இவைதான் வீட்டுக்கு வரும். கீறல் முட்டையை அவிக்க முடியாது. தண்ணீரில் போட்ட உடனே விரிசல் வழியாகத் தாடி முளைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஆம்லெட். இல்லாவிட்டால் முட்டைப் பொடிமாஸ். விருந்தாளி வந்தால் ஆம்லெட்டை வெட்டிக் குழம்பில் போடுவோம்.

ரம்லத் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பட்டு கேட்டதில்லை. பவுன் கேட்டதில்லை. அவித்த முழு முட்டை ஒன்று, இரண்டாக வெட்டி, மேலே மிளகுத்தூள் தூவி. நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்.

"நகைக்கடைக்காரன் பொண்டாட்டி தினம் ஒரு வளையலையா திங்கிறா?"

"திங்கலை. போட்டுக்கறா."

இப்படிப் பேசுகிறவளோடு யார் வாதாடுவது?

இந்த நிலைமையில்தான் திருப்பூணித்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நௌரின் தன் அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். உலகத்தில் எத்தனை பேர் வேலையில்லாமல் சமையல்கட்டில் நின்று வித்தை காட்டுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கண்ணில் தண்ணீர் வராமலிருக்க வாயில் தீக்குச்சியைக் கடித்தபடி வெங்காயம் நறுக்குகிறார்கள். தேங்காயை முதல் நாளே ஃப்ரீஸரில் வைத்து, மறுநாள் தட்டினால் சிரட்டை தனியாக, பருப்பு தனியாக விழுகிறது. எங்கள் வீட்டில் எல்லாமே நடந்தது. ஃப்ரீஸரில் தேங்காய் உட்கார்ந்த இடத்தில் முன்பு என் மத்தி மீன் உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் கண்ணாடித் தம்ளரில் சாக்லேட் ஷேக் என்று ஏதோ கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு பலாக்கொட்டை என்றாள். அன்றைக்கு நான் சாயாக்கடைப் பக்கமே போகாமல் இருந்தும், என் வயிறு எழுப்பிய சத்தம் யூசுப்புக்குக் கேட்டதாம்.

பார்த்துக்கொண்டிருந்தவள் பிறகு தானே படம் பிடிக்க ஆரம்பித்தாள். 'மட்டாஞ்சேரி அடுப்பு' என்று பெயர். முகம் வராது. கை இரண்டும் குரலும் மட்டும் வரும். பாதித் தமிழ், பாதி மலையாளம். அந்தக் குரலை நான் இத்தனை காலம் இலவசமாகக் கேட்டு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட லைக் போடத் தோன்றியதில்லை. துபாயிலிருந்தெல்லாம் போடுகிறார்கள்.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை மாளவிகா டீச்சர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர், கணக்குப் பாடம், எனக்கு நெடுநாள் வாடிக்கை. ஒரு கையில் பை. இன்னொரு கையில் மக். மக்கு நிறையத் தண்ணீர்.

"ஒண்ணும் தோணருது, நைனாக்கா," என்று அண்ணன் முறை வைத்து, மலையாளத்தில் மன்னிப்பை முதலிலேயே கேட்டுக்கொண்டு, என் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மக்கில் இறக்கினார். அடியில் படுத்தவற்றை மட்டும் பையில் போட்டார். குத்திட்டு நின்றதைத் திருப்பி வைத்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். ரம்லத் வீடியோவில் சொன்னாள் என்றார். புது முட்டை அடியில் படுக்கும், பழசு குத்திட்டு நிற்கும், மிதந்தால் தூக்கிப் போட்டுவிடு. சொன்னதோடு நிற்கவில்லையாம். ஒன்றை மிதக்கவிட்டே காட்டினாளாம்.

டீச்சருக்குப் பின்னால் இன்னொரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் வாளி.

மறுநாள் காலை உத்தரவு போட்டதும் அது பூண்டுச் சத்தத்தில் போனதும் இதனால்தான். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து நேருக்கு நேராகவே கேட்டேன்.

"வீடியோவில மிதந்ததே முட்டை, அது ஏது?"

"சமையக்கட்டுல இருந்தது."

"சமையக்கட்டுல கோழியா இருக்கு? அது என் கடை முட்டை."

"நீங்க கொண்டாந்து தந்ததுதானே."

"அது பழைய முட்டை. யாரும் வாங்காம மூலையில கெடந்தது. மிதக்காம பின்னே என்ன செய்யும்?"

"யாரும் வாங்காததை நான் மட்டும் திங்கலாமா?"

அது வேறு விஷயம் என்றேன்.

"நல்ல முட்டை தந்திருந்தா அது முங்கியிருக்கும். உங்க பேர் மிதந்திருக்கும்."

கடைப் பெயரை ஏன் சொன்னாய் என்றேன். சொல்லவே இல்லை என்றாள். கையைப் பார்த்தாலே ஊருக்கு ஆளைத் தெரியுமே என்றேன். இத்தனை நாள் குடித்தனத்தில் இன்றுதான் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறீர்கள் என்றாள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நௌரின் வருகிறாள். அவளை வைத்து நேரலை போடலாம். தெருவாசிகள் முன்னால், கடையிலிருந்து நல்ல முட்டை கொண்டுவந்து தண்ணீரில் போட்டால் எல்லாம் மூழ்கும். கெட்ட பெயர் போய்விடும்.

நியாயமான யோசனைதான். ஆனால் நான் வியாபாரி. ஒரு படி மேலே யோசித்தேன். லாரி வந்த அன்று முட்டை மூழ்கும். லாரி வராத நாளில்? ஆளாளுக்கு மக்கும் வாளியுமாக வந்து நின்றால் என் கடை முட்டைக்கடையா, குளிமுறியா? முட்டையைக் காப்பாற்றிப் பயனில்லை. இந்தச் சோதனையையே ஒழிக்க வேண்டும். அன்று காலை இறங்கிய புத்தம்புது முட்டையும் மிதந்தால்? சோதனை பொய் என்று ஊரே சொல்லிவிடும். மக்கைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

வியாழக்கிழமை ரம்லத் குளிக்கப் போன நேரத்தில் அவள் செல்போனை எடுத்தேன். எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை, அந்த மைக் படத்தைத் தொட்டுவிட்டு வாயால் கேட்டால் போதும். "புது முட்டை மிதக்க என்ன வழி?" என்று காதோடு காதாகக் கேட்டேன். உடனே ஒரு சின்னப் பெண் வந்தாள். தம்ளர் தண்ணீரில் ஸ்பூன் ஸ்பூனாக உப்பைப் போட்டுக் கலக்கினாள். அடியில் கிடந்த முட்டை எழுந்து மேலே வந்தது. எனக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பிரியாணி போட வேண்டும் போல இருந்தது. முழு முட்டை வைத்து.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. யூசுப் கடை வாசலில் நின்று பார்க்கும்படியாகவே லோடு இறக்கினேன். சாயங்காலம் ஒரு முழு அட்டையை, கீறல் ஒன்றுகூட இல்லாததை, என் கையாலேயே வீட்டுக்குச் சுமந்து வந்தேன். ரம்லத் கதவைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அவள் முன்னமே தண்ணீர் பிடித்து அடுப்புத் திண்டில் வைத்திருந்தாள். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் உள்ளறையில் தொழுகைக்கு நின்றாள். நான் சமையல்கட்டில் உப்புக்கு நின்றேன். ஒரு பிடி போட்டேன். முட்டை அசையவில்லை. இரண்டு பிடி. லேசாகத் தலை தூக்கியது. சின்னப் பெண்ணுக்குத் தம்ளர், எனக்கு அண்டா. வீட்டு உப்புப் பாக்கெட்டையே கவிழ்த்தேன். கரண்டி பாத்திரத்தில் படாமல் கல்லுப்பைக் கரைப்பது சாமானிய வேலை இல்லை. வியர்த்துவிட்டது. கடைசியில் முட்டை, வைப்பினுக்கு வண்டி ஏற்றிப் போகும் ஜங்கார் படகு மாதிரி கம்பீரமாக மேலே வந்து நின்றது. அதைத் துடைத்து அட்டையில் வைத்தேன். காலி பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். முன்னறையில் போய், ஒன்றும் தெரியாதவன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முகம் எனக்கு இயற்கையாகவே உண்டு.

எல்லோரும் வந்தார்கள். தெருப் பெண்கள் வந்தார்கள். மாளவிகா டீச்சர் வந்தார். யூசுப்பும் வந்தான், ரம்லத் கூப்பிட்டாளாம். கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் என் வாசலை மிதிக்கிறான். வாங்க என்று நான் சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. நௌரின் செல்போனைப் புட்டுக்குடத்தில் சாய்த்துக் கட்டி நேரலையைத் தொடங்கினாள்.

ரம்லத் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விரலை நனைத்து எடுத்தாள். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். சபைக் கூச்சம் என்று நினைத்தேன்.

"இது என் வீட்டுக்காரர் கடை முட்டை. இன்னிக்குக் காலையில லாரியில வந்தது," என்று செல்போனுக்குச் சொல்லிவிட்டு முதல் முட்டையை விட்டாள். மிதந்தது.

நான் எழுந்தேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த வசனத்துக்காகத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அடுத்ததை விட்டாள். மிதந்தது. அதற்கு அடுத்தது. அதுவும். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அட்டை முழுவதையும் இறக்கிவிட்டாள். பாத்திரம் நிறைய மொட்டைத் தலைகள்.

"பாத்தீங்களா," என்றேன். "புது முட்டையும் மிதக்குது. சோதனை பொய்."

ஒருவரும் தலையாட்டவில்லை. டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"காலையில லாரி வந்ததை நான் பாத்தேன், நைனாக்கா," என்றான் யூசுப். "லாரி இன்னிக்கு வந்தது. முட்டை என்னிக்கு வந்ததுன்னு யார் கண்டா?"

இது எப்படி என் மண்டையில் உதிக்காமல் போயிற்று? சோதனை பொய்யாகும் என்று கணக்குப் போட்டேன். நான் பொய்யாவேன் என்று போடவில்லை. நௌரின் செல்போனில் ஓடும் எழுத்துகளை வாசிக்க ஆரம்பித்தாள். இந்தக் கடை எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார், அந்தப் பக்கம் போகாமல் இருக்க. கடைக்காரர்தான் முதல் கூமுட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அவள் வாசித்திருக்க வேண்டியதில்லை.

"யூசுப் கடையிலேருந்து ஒண்ணு கொண்டா," என்றேன். "அதையும் போடு. அதுவும் மிதக்கும் பாரு."

ரம்லத் தடுத்துவிட்டாள். "வேண்டாம். நம்ம பேர் கெட்டது போதும். இன்னொருத்தர் வியாபாரத்தையும் ஏன் கெடுக்கணும்? பாவம், தனியாளா கடை நடத்துறார்."

யூசுப்புக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. காரணம் வேறு.

டீச்சர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, இது கிணற்று வெள்ளமா, இங்கே கிணறெல்லாம் உப்புதானே என்று கேட்டார். கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முட்டை தப்பிக்கும், என் உப்பும் தப்பிக்கும். வாயைத் திறந்தேன்.

"இல்ல டீச்சரே," என்றாள் ரம்லத். "குடிக்கிற தண்ணி. என் கையால பிடிச்சு வச்சது."

வாயை மூடிக்கொண்டேன். உப்பைப் பற்றிச் சொன்னால் பெண்டாட்டி தண்ணீரில் திருட்டுத்தனம் செய்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் நாற்றமுட்டை விற்றவன் ஆவேன். அத்தனை ஜனமும், புட்டுக்குடத்தில் சாய்ந்திருந்த துபாயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் வாப்பா தலையில் கூடை சுமந்து உண்டாக்கிய கடை அது. நாளைக்குக் காலையில் அதைத் திறப்பேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

ரம்லத் ஒரு முட்டையை எடுத்துத் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கரு பந்து மாதிரி எழும்பி நின்றது. முதல் தரமான முட்டை. அப்பாடா என்றிருந்தது. ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்குமா என்று யூசுப் சந்தேகத்தைக் கிளப்பினான். அவன் கண்ணீர் அவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிட்டது.

"எல்லாத்தையும் உடைச்சா வீணாப் போகும்," என்றாள் ரம்லத். "அவிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுப்போம். தின்னு பாத்து நீங்களே சொல்லுங்க. என்ன சொல்றீங்க, நௌரின் வாப்பா?"

ஒரு முழு அட்டை. என் வீட்டில். அவிப்பதற்கு. செல்போன் என்னைப் பார்த்தது. தலையாட்டினேன்.

அதே பாத்திரத்தை அப்படியே அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் போதாது என்று மேலும் இரண்டு செம்பு ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போக ஆரம்பித்தன. நான் பாய்ந்து போய் மூடியைப் போட்டேன். சமையல்கட்டில் நான் ஒரு வேலை செய்ததை அன்றுதான் பார்த்ததாக நௌரின் சொன்னாள்.

முட்டை வெந்தது. முட்டைத்தோடு வழவழவென்று ஒரே இழுப்பில் கழன்று வந்தது. எல்லோரும் தின்றார்கள். டீச்சர் தின்றுவிட்டு, இனி மக் கொண்டுவரமாட்டேன், இந்த மிதக்கிற கணக்கே தப்பு என்று செல்போனிலேயே சொன்னார். யூசுப் மூன்று தின்றான். நாளையிலிருந்து சாயாக்கடைக்கு இங்கிருந்தே முட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படி உடனே விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை.

மிதந்தாலும் முங்கினாலும் என் வீட்டுக்காரர் முட்டை நல்ல முட்டை என்று ரம்லத் நேரலையில் சொன்னாள். சொன்னதோடு, சந்தேகம் இருக்கிறவர்களுக்காக இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையிலிருந்து நல்ல முட்டை வீட்டுக்கு வரும், எல்லோர் முன்னாலும் அவித்துத் தின்று காட்டப்படும் என்று அறிவித்தாள். லைக் கொட்டியது. நான் மறுபடி தலையாட்டினேன். ஆட்டிப் பழகிவிட்டது.

எல்லோரும் போன பிறகு அவள் ஒரு முட்டையை இரண்டாக வெட்டி, மிளகுத்தூள் தூவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகத் தின்றாள். ஒன்று தின்றாள். இன்னொன்றும் தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும், வெற்றி எனக்குத்தான். கடைப் பெயர் தப்பியது. மக்கும் வாளியும் ஒழிந்தன. யூசுப்பே வழிக்கு வந்துவிட்டான். ஒருத்திக்கும் தெரியாமல் காரியத்தை முடித்திருக்கிறேன். அந்த மிதப்பில் பெரிய மனதோடு அவளைப் பாராட்டினேன். தோடு எவ்வளவு சுளுவாகக் கழன்றது, இது எந்த வீடியோவில் கற்றது என்று கேட்டேன்.

"அவிக்கிற தண்ணியில உப்பு போட்டா அப்படித்தான் வரும்," என்றாள். "ஒரு பிடி போதும். நாளைக்கு வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க, உங்க சட்டைப் பையில இருக்கிறது காலி."